‘உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது’: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

‘உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது; மீண்டும் உள்நுழையவும்’ என்று ஒரு வலைச் செயலி அறிவிக்கும்போது, பெரும்பாலும் அது காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. உலாவி கொண்டுவந்த அமர்வு எண்ணுக்கு (உள்நுழைந்தவரை அடையாளம் காணச் சேவையகம் கொடுக்கும் எண்) உரிய பதிவு தன் கிடங்கில் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தப் பதிவு நேரம் கடந்ததால் நீக்கப்பட்டதா, சேவையகம் மறுதொடக்கம் ஆனபோது நினைவகத்தோடு அழிந்ததா, பக்கத்துச் சேவையகத்தில் பத்திரமாக இருக்கிறதா, அல்லது உலாவி அந்த எண்ணைக் கொண்டுவரவே இல்லையா என்பதை அது பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தைக் காட்டிவிடுகிறது. அதை அப்படியே நம்பி, புகார் வந்தவுடன் கட்டமைப்புக் கோப்பைத் திறந்து 30 நிமிடத்தை 120 ஆக்குவதுதான் இந்தச் சிக்கலில் மிகுதியாகச் செய்யப்படும் தவறு. நேரத்தால் முடிந்த அமர்வுக்கு மட்டுமே அந்த மாற்றம் பயன்படும். தொலைந்துபோன அமர்வுக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் அது தொலையத்தான் செய்யும்.

ஆகவே இந்த வழிமுறை எண்களிலிருந்து தொடங்காமல், பயனர் சொல்லும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. எந்த அறிகுறியை ஆராய்வதற்கு முன்பும் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உள்ளன.

முன்வேலை: குக்கியைப் பார்த்தல், லாகைத் தயார் செய்தல்

உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பழைய பதிவுகள் அழியாதபடி ‘பிரிசர்வ் லாக்’ என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். உள்நுழைந்த பிறகு ஒழுங்காக வேலை செய்த கடைசிக் கோரிக்கையையும், உள்நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளிவிட்ட முதல் கோரிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அமர்வுக் குக்கி (அமர்வு எண்ணைச் சுமந்து ஒவ்வொரு கோரிக்கையோடும் செல்லும் சிறு தரவு) சென்றிருந்தால், கோளாறு சேவையகத்தின் பக்கம் இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய பதிவு அங்கே இல்லை, அல்லது படிக்க முடியவில்லை. இரண்டாவது கோரிக்கையில் குக்கியே இல்லையென்றால், உலாவி அதை நீக்கியிருக்கிறது அல்லது அனுப்ப மறுத்திருக்கிறது. குக்கி இருந்தும் அதன் மதிப்பு மாறியிருந்தால், இடையில் ஏதோ ஒரு பதில் அதை மாற்றி எழுதியிருக்கிறது; அந்தப் பதிலைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘யூஸ் ஸ்ட்ரிக்ட் மோட்’ என்ற அமைப்பு இயல்பாக அணைந்தே இருப்பதால், தனக்குத் தெரியாத அமர்வு எண் வந்தாலும் பிஎச்பி அதை மறுக்காமல், அதே எண்ணில் வெறுமையான புதிய அமர்வைத் திறந்துவிடும். எனவே குக்கி மாறவில்லை என்பதை வைத்துப் பழைய அமர்வு உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டாவது வேலை லாக், அதாவது நடந்தவற்றைச் சேவையகம் எழுதிவைக்கும் பதிவேடு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரம், அதற்குப் பதில் சொன்ன சேவையகத்தின் பெயர், இயங்கிய செயல்முறையின் எண், அமர்வு உருவான நேரம், அமர்வு எண்ணின் ஹேஷ் (அந்த எண்ணிலிருந்து கணக்கிடப்படும், திரும்ப எண்ணாக மாற்ற முடியாத குறி) ஆகியவற்றை ஒரே வரியில் எழுதும்படி செய்யுங்கள். அமர்வு எண்ணை உள்ளபடியே லாகில் எழுதவே கூடாது. அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே அந்தப் பயனராக உள்ளே வந்துவிட முடியும். ஹேஷின் முதல் 8 எழுத்துகள் இருந்தால் ஆய்வுக்குப் போதும்.

அறிகுறி: 60 வினாடியில் பக்கம் நின்றுபோகிறது, 504 பிழை வருகிறது

இதை ‘செஷன் டைம்அவுட்’ என்று பலர் புகார் செய்வார்கள். ஆனால் அமர்வுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கோரிக்கைகளை முன்னால் நின்று வாங்கிச் செயலிக்கு அனுப்பும் இடைநிலைச் சேவையகமான (பிராக்ஸி) என்ஜின்எக்ஸ், பின்னால் இருக்கும் செயலியின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரமான ‘பிராக்ஸி ரீட் டைம்அவுட்’ இயல்பாக 60 வினாடி. பிஎச்பிக்கான ‘ஃபாஸ்ட்சிஜிஐ ரீட் டைம்அவுட்’டும் அவ்வாறே. அமேசான் முகிலின் அப்ளிகேஷன் லோடு பேலன்சரில் (கோரிக்கைகளைப் பல சேவையகங்களுக்குப் பகிர்ந்தளிப்பது) வெறுமையாகக் காத்திருக்கும் நேரமும் இயல்பாக 60 வினாடிதான். பக்கத்தை மீண்டும் திறந்தால் பயனர் உள்நுழைந்த நிலையிலேயே இருக்கிறார் என்றால், அமர்வு நலமாக இருக்கிறது. மெதுவாக இயங்கும் வினவலையோ அறிக்கையையோ தேடிச் செல்லுங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது அமர்வோடு தொடர்புடையது. பிஎச்பி தன் அமர்வுக் கோப்பைத் திறந்தவுடன் பூட்டிக்கொள்ளும். அந்தக் கோரிக்கை முடியும் வரை அதே பயனரின் மற்றக் கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். ஒரு தாவலில் நீண்ட அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றத் தாவல்கள் எல்லாம் உறைந்து நின்றால் காரணம் இதுவே. அமர்விலிருந்து வேண்டியதைப் படித்து முடித்தவுடன் ‘செஷன் ரைட் குளோஸ்’ செயற்கூற்றை அழைத்துப் பூட்டை விடுவித்தால் தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக அதே நிமிடத்தில் வெளியேறுகிறது

இதுதான் உண்மையான காலாவதி. சிக்கல், எந்தக் கடிகாரம் என்பதில்தான் இருக்கிறது; ஏனென்றால் ஒரே செயலியில் மூன்று நான்கு கடிகாரங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றுள் மிகக் குறுகியதே ஆட்சி செய்யும். கைக்கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். செயலியை எழுதவும் இயக்கவும் பயன்படும் மென்பொருள்களில் எது காரணம் என்று, கிடைக்கும் எண் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 20 நிமிடம் என்றால் ஏஎஸ்பி.நெட் அமர்வின் இயல்பு அளவு. 30 நிமிடம் என்றால் டாம்கேட்டின் பொதுவான வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் இருப்பது, அல்லது ஏஎஸ்பி.நெட்டின் ஃபார்ம்ஸ் உள்நுழைவுச் சீட்டு (உள்நுழைந்தவர் யார் என்று சொல்லும் குக்கி). 120 நிமிடம் லாராவெல். இரண்டு வாரம் என்றால் ஜாங்கோ. அதன் அமர்வுக் குக்கியின் ஆயுள் 12,09,600 வினாடி.

டாம்கேட்டில் அடிக்கடி நேர்வது அலகுக் குழப்பம். வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதும் எண் நிமிடத்தில். நிரலுக்குள் ‘செட் மேக்ஸ் இன்ஆக்டிவ் இன்டர்வல்’ என்று எழுதும் எண் வினாடியில். 30 என்று இரண்டாவது இடத்தில் எழுதியவரின் பயனர்கள் அரை நிமிடம் கை எடுத்தாலே வெளியே நிற்பார்கள். ஸ்பிரிங் பூட்டிலும் அலகு குறிப்பிடாமல் வெறும் எண்ணைக் கொடுத்தால் அது வினாடியாகவே எடுத்துக்கொள்ளப்படும். மேலும் டாம்கேட்டில் நிரலில் எழுதியது செயலியின் வெப்.எக்ஸ்எம்எல்லை வெல்லும், அது பொதுவான வெப்.எக்ஸ்எம்எல்லை வெல்லும், ஆகவே பொதுக் கோப்பை மாற்றியும் பயன் இல்லையென்றால் மேலேயுள்ள இரண்டில் ஒன்று அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

அளந்து பார்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயனர் சும்மா இருந்தால் மட்டும் வெளியேறுகிறாரா, இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருந்தாலும் வெளியேறுகிறாரா? பின்னது என்றால், செயலற்ற நேரத்துக்கான வரம்பு குற்றவாளி அல்ல. உள்நுழைந்த கணத்திலிருந்து எண்ணும் முழு வரம்பு எங்கோ இருக்கிறது. சில இடங்களில் அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது; சில இடங்களில் யாரும் நினைக்காமல் வந்துசேர்ந்தது. ஜாங்கோவில் ‘செஷன் சேவ் எவ்ரி ரிக்வெஸ்ட்’ என்பது இயல்பாக அணைந்திருக்கும். அமர்வுத் தரவு மாறினால் மட்டுமே ஆயுள் நீளும், வெறுமனே பக்கங்களைப் புரட்டினால் நீளாது. நோட் உலகின் எக்ஸ்பிரஸ் செஷனிலும் ‘ரோலிங்’ இயல்பாக அணைந்திருப்பதால், ஆயுள் குறிக்கப்பட்ட குக்கி ஒவ்வொரு பதிலிலும் புதுப்பிக்கப்படாமல், உலாவியில் முதலில் குறித்த நேரத்திலேயே மறைந்துவிடும்.

அறிகுறி: ஒருநாள் 17 நிமிடத்தில், மறுநாள் இரண்டு மணி நேரம் கழித்து

நேரம் ஒழுங்கில்லாமல் மாறுவதுதான் மிகவும் தலைவலி தரும் அறிகுறி. இதற்கு நன்கு தெரிந்த காரணங்கள் இரண்டு.

முதலாவது, பிஎச்பியின் குப்பை நீக்கும் முறை. ‘ஜிசி மேக்ஸ்லைஃப்டைம்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். இதைப் பலர் அமர்வின் ஆயுள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது, ‘இந்த வயதைக் கடந்த கோப்பைக் குப்பையாகக் கருதலாம்’ என்னும் அனுமதி மட்டுமே. கோப்பைப் படிக்கும்போது பிஎச்பி அதன் வயதைப் பார்ப்பதில்லை. நீக்கும் வேலை நடக்கும் வரை பழைய அமர்வும் தொடர்ந்து செல்லும். அந்த நீக்கும் வேலையும் ஒவ்வொரு கோரிக்கையிலும் நடப்பதில்லை. இயல்பு மதிப்புகளின்படி 100 கோரிக்கைகளுக்கு ஒரு முறை என்ற நிகழ்தகவில், உடன் வழங்கப்படும் பிஎச்பி.இனி கோப்புகளின்படி 1000-க்கு ஒரு முறை என்ற நிகழ்தகவில் நடக்கும். கூட்டம் மிகுந்த தளத்தில் 24 நிமிடம் தாண்டிய சிறிது நேரத்திலேயே அமர்வு போய்விடும்; ஆளில்லாத தளத்தில் மணிக்கணக்கில் இருக்கும். இரண்டும் ஒரே அமைப்பின் விளைவுதான்.

பகிர்ந்த சேவையகத்தில் இது இன்னும் மோசமாகும். பல தளங்கள் ஒரே கோப்புறையில் அமர்வுக் கோப்புகளை வைத்தால், எந்தக் கோப்பு யாருடையது என்று பிஎச்பி பார்ப்பதில்லை. நீங்கள் உங்கள் தளத்துக்கு 4 மணி நேரம் என்று வைத்திருந்தாலும், பக்கத்துத் தளம் 10 நிமிடம் என்று வைத்திருந்தால், அது குப்பையை நீக்கும்போது உங்கள் கோப்புகளும் சேர்ந்து போகும். தனிக் கோப்புறை அமைத்துக்கொள்வது ஒன்றே தீர்வு.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களைப் பயன்படுத்துவோர் இன்னொரு வலையில் விழுவதுண்டு. அந்த வழங்கல்களில் நிகழ்தகவு 0 ஆக்கப்பட்டு, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஓடும் ‘செஷன்கிளீன்’ என்ற தனி நிரல் அந்த வேலையைச் செய்கிறது. அது பிஎச்பி.இனி கோப்பில் உள்ள ஆயுளை மட்டுமே படிக்கும். உங்கள் நிரலுக்குள் ‘இனி செட்’ மூலம் நீங்கள் எழுதிய 4 மணி நேரம் அதற்குத் தெரியாது. நிரலில் எண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் கிடைக்காதவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. நிரலுக்குள்ளேயே கோப்புறையையும் மாற்றிக்கொண்டால் சிக்கல் தலைகீழாகும்: அந்தப் புதிய கோப்புறையைப் பெருக்க யாரும் வரமாட்டார்கள், கோப்புகள் குவிந்துகொண்டே போகும். வட்டு நிறைந்துவிட்டால் புதிய அமர்வை எழுத முடியாது. அப்போது அனைவருக்கும் அமர்வு தொலையும்.

இரண்டாவது காரணம், ஏஎஸ்பி.நெட்டின் நழுவும் காலாவதி. ஃபார்ம்ஸ் உள்நுழைவுச் சீட்டு ஒவ்வொரு கோரிக்கையிலும் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆயுளில் பாதிக்கு மேல் கழிந்த பிறகு வரும் கோரிக்கையில் மட்டுமே புதுப்பிக்கப்படும். 30 நிமிடச் சீட்டு வைத்திருப்பவர் 14-ஆவது நிமிடத்தில் கடைசியாக ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு ஓய்வெடுத்தால், சீட்டு புதுப்பிக்கப்படாமல் 30-ஆவது நிமிடத்திலேயே முடிந்துவிடும்; அவர் ஓய்வில் இருந்தது 16 நிமிடம்தான். 16-ஆவது நிமிடத்தில் திறந்திருந்தாலோ 46-ஆவது நிமிடம் வரை இருந்திருக்கும். ஆகவே ‘30 நிமிடம் என்றீர்கள், கால் மணி நேரத்தில் வெளியே தள்ளிவிட்டது’ என்ற புகார் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. செயலற்றிருக்க எத்தனை நிமிடம் அனுமதிக்க வேண்டுமோ, அதன் இரு மடங்கைச் சீட்டின் ஆயுளாக வைப்பதே பாதுகாப்பான கணக்கு.

அறிகுறி: உள்நுழைந்தே இருக்கிறார், ஆனால் தரவு வெறுமையாகிவிட்டது

பெயர் மேலே தெரிகிறது, தேர்ந்தெடுத்து வைத்திருந்தவை மட்டும் காணவில்லை, அல்லது பக்கம் ‘நல்’ பிழையில் விழுகிறது. அடையாளச் சீட்டும் அமர்வுத் தரவும் வெவ்வேறு கடிகாரங்களில் ஓடும் இடங்களில் இது வரும். ஏஎஸ்பி.நெட்டில் அமர்வுக்கு 20 நிமிடம், சீட்டுக்கு 30 நிமிடம் என்பது இயல்பு நிலை. இடையிலுள்ள அந்தப் பத்து நிமிடம்தான் பொறி. அமர்வின் ஆயுளைச் சீட்டின் ஆயுளுக்குக் குறையாமல் வையுங்கள். வைத்த பிறகும், அமர்வில் மதிப்பு இல்லாமல் போகலாம் என்று எண்ணியே நிரலை எழுதுங்கள்.

அறிகுறி: எல்லாப் பயனர்களும் ஒரே நேரத்தில் வெளியேறுகிறார்கள்

இங்கே காலாவதிக்கு வேலையே இல்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் உள்நுழைந்தவர்கள். அவர்கள் அனைவருடைய நேரமும் ஒரே கணத்தில் முடிய வழியில்லை. கிடங்கு அழிந்திருக்கிறது, அல்லது குக்கியைச் சரிபார்க்கும் கையொப்பச் சாவி மாறியிருக்கிறது. வெளியேறிய நேரத்தை எடுத்துக்கொண்டு, அதே நிமிடத்தில் செயல்முறையின் எண் மாறியிருக்கிறதா என்று லாகில் பாருங்கள்.

விண்டோஸின் ஐஐஎஸ் வலைச் சேவையகத்தில், செயலியை இயக்கும் அப்ளிகேஷன் பூல் இயல்பாக 1740 நிமிடத்துக்கு, அதாவது 29 மணி நேரத்துக்கு, ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். 24 அல்லாமல் 29 என்பதால் அது ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் தள்ளித் தள்ளி நிகழும். ஒருநாள் நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் போவது, இரண்டு நாள் கழித்து வேலை நேரத்தின் நடுவே விழும். இந்த நகர்வைத் தெரியாதவர்கள் வாரக்கணக்கில் பேயைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டிருப்பார்கள். அமர்வு அதே செயல்முறையின் நினைவகத்தில் இருந்தால், புதுப்பிக்கும்போது அனைத்தும் போய்விடும். வெப்.கான்ஃபிக் கோப்பில் ஒரு எழுத்தைத் திருத்திச் சேமித்தாலும் செயலி மறுதொடக்கம் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு. அதே அப்ளிகேஷன் பூலுக்கு 20 நிமிடம் யாருமே வரவில்லையென்றால் செயல்முறை நிறுத்தப்படும். அமர்வுக்கு 60 நிமிடம் கொடுத்திருந்தாலும், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் தனியாக வேலை செய்பவர் 20 நிமிடம் கை எடுத்தால் வெளியேறிவிடுவார். கூட்டமான நேரத்தில் மற்றவர்களின் கோரிக்கைகள் செயல்முறையை விழிப்பாக வைத்திருப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ‘இரவில் மட்டும் வெளியேற்றுகிறது’ என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேர அளவை 0 ஆக்கினால் நிறுத்தம் நிற்கும். அமர்வை எஸ்க்யூஎல் சர்வர், ரெடிஸ் போன்ற தனித் தரவுக் கிடங்குக்கு மாற்றினால் இரண்டு சிக்கல்களும் ஒன்றாகத் தீரும்.

லினக்ஸ் பக்கம், அமர்வுக் கோப்புகள் ‘டெம்ப்’ கோப்புறையில் இருந்து, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் ‘பிரைவேட் டெம்ப்’ இயங்கிக்கொண்டிருந்தால், சேவை நிறுத்தப்படும்போது அந்தத் தனிக் கோப்புறையும் உடன் அழியும். எக்ஸ்பிரஸ் செஷனின் இயல்புக் கிடங்கான ‘மெமரி ஸ்டோர்’ நினைவகத்தில் மட்டுமே இருப்பதால் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் வெறுமையாகும். அது உண்மைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. கொள்கலன்களில் இயங்கும் செயலிகளில், தொடங்கும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் பழைய குக்கிகள் அனைத்தும் செல்லாக்காசாகும்.

அறிகுறி: சில சொடுக்குகளுக்கு ஒரு முறை வெளியேற்றுகிறது, மீண்டும் முயன்றால் உள்ளே இருக்கிறார்

காலம் ஒரு பக்கம் மட்டுமே ஓடும். காலாவதியான அமர்வு உயிர்த்தெழாது. எனவே வெளியேறியவர் பக்கத்தைப் புதுப்பித்தவுடன் உள்ளே இருக்கிறார் என்றால், இரண்டு சேவையகங்கள் மாறி மாறிப் பதில் சொல்கின்றன என்றே கொள்ளலாம். லாகில் எழுதச் சொன்ன சேவையகப் பெயர் இங்கே கைகொடுக்கும்: ஒரே ஹேஷ், இரண்டு பெயர்கள், ஒன்றில் மட்டும் தோல்வி.

உடனடித் தீர்வு, ஒரு பயனரை எப்போதும் ஒரே சேவையகத்துக்கு அனுப்பும் ஒட்டுமுறை. என்ஜின்எக்ஸில் ‘ஐபி ஹேஷ்’ அதைச் செய்யும். நெடுநாள் தீர்வு பொதுவான கிடங்கு. ஒட்டுமுறையை மட்டும் நம்பினால், ஒரு சேவையகம் விழும்போது அதிலிருந்தவர்கள் அனைவரும் வெளியேறுவார்கள். ஒட்டும் குக்கியின் ஆயுள் அமர்வின் ஆயுளைவிடக் குறைவாக இருந்தால் எதுவும் விழாமலே வெளியேறுவார்கள். பல சேவையகங்களில் ஏஎஸ்பி.நெட் இயக்குவோர், சீட்டைக் குறியாக்கும் ‘மெஷின் கீ’ எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். வேறுபட்டால் ஒரு சேவையகம் கொடுத்த சீட்டை இன்னொன்று படிக்க முடியாது.

பொதுக் கிடங்கு வைத்த பிறகும் சில அமர்வுகள் மட்டும் தொலைகின்றனவா? கிடங்கு நிறைந்திருக்கலாம். ரெடிஸில் நினைவக வரம்பு எட்டப்பட்டு, வெளியேற்றக் கொள்கை ‘ஆல்கீஸ் எல்ஆர்யு’ என்று இருந்தால், நெடுநேரம் தொடப்படாத அமர்வுகள் ஆயுள் முடியும் முன்பே வெளியேற்றப்படும். அமர்வையும் தற்காலிக கேஷ் தரவையும் ஒரே ரெடிஸில் வைத்திருக்கும் இடங்களில் இது நேரும். குறிப்பிட்ட அமர்வின் மீது ‘டிடிஎல்’ கட்டளையை இயக்கிப் பாருங்கள்: எஞ்சிய வினாடிகள் வந்தால் உயிரோடு இருக்கிறது; -1 வந்தால் ஆயுளே குறிக்கப்படவில்லை; -2 வந்தால் அப்படி ஒன்று இல்லை. மெம்கேஷ்ட் என்ற இன்னொரு கிடங்கில் வேறொரு வேடிக்கை: ஆயுளாகக் கொடுக்கும் எண் 30 நாளைக் கடந்தால், அதாவது 25,92,000 வினாடிக்கு மேல் போனால், அது கால அளவாக அல்லாமல் 1970-இலிருந்து எண்ணும் நாள்காட்டி நேரமாகக் கொள்ளப்படும். ‘60 நாள் நினைவில் வை’ என்று எழுதியவரின் பதிவு, பிறந்தபோதே இறந்துவிடும்.

அறிகுறி: உள்நுழைந்த உடனேயே மீண்டும் உள்நுழைவுப் பக்கம்

கடவுச்சொல் சரி, பிழைச் செய்தியும் இல்லை, ஆனால் வட்டமடிக்கிறது. குக்கி உலாவியில் தங்கவில்லை என்பதே இதன் பொருள். ‘செட் குக்கி’ தலைப்பு பதிலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதுகாப்பான இணைப்பை முன்னால் நிற்கும் பிராக்ஸி முடித்துவிட்டு, உள்ளே வெறும் எச்டிடிபியாக அனுப்பும் அமைப்பில், எக்ஸ்பிரஸ் போன்ற செயலிகள் இணைப்பு பாதுகாப்பற்றது என்று எண்ணி ‘செக்யூர்’ குக்கியை அனுப்பாமலே விட்டுவிடும். ‘டிரஸ்ட் பிராக்ஸி’ அமைப்பை இயக்கினால் தீரும். தலைப்பு இருந்தும் குக்கி தங்கவில்லையென்றால் அதன் டொமைன், பாத், செக்யூர், சேம்சைட் பண்புகளை (எந்தத் தளத்துக்கு, எந்தப் பக்கங்களுக்கு, எவ்வகை இணைப்பில் அனுப்பலாம், பிற தளத்திலிருந்து வரும் கோரிக்கையில் அனுப்பலாமா என்பவற்றை) ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னால் மூன்று டபிள்யூ உள்ள முகவரியில் உள்நுழைந்து, அது இல்லாத முகவரிக்குத் திருப்பப்படுவது பழைய கதை, இன்றும் நடப்பது. குக்கியின் அளவு 4096 பைட்டைத் தாண்டினாலும் உலாவி அதை மௌனமாகக் கைவிடும். எல்லாவற்றையும் குக்கிக்குள்ளேயே அடைக்கும் செயலிகளில் ஒரு சில பயனர்களுக்கு மட்டும் உள்நுழைய முடியாமல் போவது இதனால்தான்.

இதே அறிகுறி ஒரே ஒருவருக்கு மட்டும் வந்தால், அவருடைய கணினியின் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எக்ஸ்பயர்ஸ்’ என்று நாள் குறித்து அனுப்பப்படும் குக்கியின் ஆயுளை உலாவி தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடக்கூடும். அப்படிக் கணக்கிடும் உலாவியில், அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடினால், 20 நிமிடக் குக்கி வந்துசேரும்போதே காலாவதியாகியிருக்கும். வினாடிக் கணக்கில் சொல்லும் ‘மேக்ஸ் ஏஜ்’ பண்பைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: பணம் செலுத்தும் தளத்திலிருந்து திரும்பியதும் அமர்வு இல்லை

2020-இல் குரோம் 80-ஆவது பதிப்பு முதல், சேம்சைட் பண்பு குறிக்கப்படாத குக்கிகள் ‘லேக்ஸ்’ என்றே நடத்தப்படுகின்றன. வேறொரு தளம், படிவங்களை அனுப்பும் போஸ்ட் முறையில் பயனரைத் திருப்பி அனுப்பினால் லேக்ஸ் குக்கி உடன் வராது; செயலி அவரைப் புதியவராகக் கருதி உள்நுழையச் சொல்லும். பண்பு குறிக்கப்படாத குக்கிக்கு, அது உருவான முதல் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் குரோம் ஒரு சலுகை வழங்கியது. அந்தச் சலுகைதான் இதைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குகிறது: சோதனை செய்யும் நிரலர் உள்நுழைந்து விரைவாகப் பணம் செலுத்தித் திரும்பும்போது எல்லாம் சரியாக இருக்கும், உண்மைப் பயனர் நிதானமாக அட்டை எண்ணைத் தேடி எடுத்துச் செலுத்தும்போது தோல்வியடையும். நேரத்தோடு தொடர்புடையதுபோல் தெரிவதால் எல்லோரும் அமர்வின் ஆயுளைச் சந்தேகிப்பார்கள்.

இதற்குக் குக்கியின் சேம்சைட் பண்பை ‘நன்’ என்று மாற்றிச் ‘செக்யூர்’ சேர்ப்பது ஒரு வழி; ஆனால் அது பிற தளப் போலிக் கோரிக்கைகளுக்கு எதிரான ஒரு காப்பை இழப்பதாகும். திரும்பி வரும் முகவரியில் அமர்வை எதிர்பார்க்காமல், பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு முடிவைப் பதிந்துவிட்டு, பிறகு தன் தளத்துக்குள்ளேயே ஒரு சாதாரணப் பக்கத்துக்கு மாற்றுவதையே நான் விரும்புவேன்.

அறிகுறி: இன்னொரு செயலியைத் திறந்தால் முதலாவது வெளியேறுகிறது

ஒரே கணினியில் 8080, 8081 என்ற இரண்டு போர்ட்டுகளில் இரண்டு டாம்கேட் இயங்குகின்றன. குக்கிகள் போர்ட் எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு செயலிகளும் ஒரே பெயரிலும் ஒரே பாத்திலும் ‘ஜேசெஷன்ஐடி’ எழுதினால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்து எழுதும். குக்கியின் பெயரை மாற்றுங்கள், வேறொன்றும் தேவையில்லை.

அறிகுறி: கைப்பேசிப் பயனர்களுக்கு மட்டும்

சில செயலிகள் பாதுகாப்புக்காக அமர்வைப் பயனரின் ஐபி முகவரியோடு கட்டிவைக்கின்றன. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது முகவரி மாறும், அமர்வு முறியும். இன்னொரு காரணம் நுட்பமானது: உள்நுழைவுக்குப் பின் அமர்வு எண்ணை மாற்றுவது நல்ல பழக்கம், ஆனால் அதை ஒவ்வொரு கோரிக்கையிலும் செய்து பழைய எண்ணை உடனே அழித்தால், தள்ளாடும் இணைப்பில் புதிய எண்ணைச் சுமந்துவந்த பதில் வழியில் தொலையும்போது உலாவி பழைய எண்ணோடு வந்து நிற்கும். பழைய எண்ணை ஓரிரு நிமிடம் செல்லுபடியாக வைத்திருப்பது நல்லது.

அறிகுறி: நீண்ட படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது எழுதியதெல்லாம் போய்விடுகிறது

இது பெரும்பாலும் நேர்மையான காலாவதியே. பயனர் 40 நிமிடம் தட்டச்சு செய்தாலும், சேவையகத்தின் கண்ணில் அவர் 40 நிமிடம் சும்மா இருந்தவர்தான். லாராவெலில் இது 419 என்ற எண்ணோடு வரும். படிவத்தோடு அனுப்பும் காப்புச் சீட்டு அமர்வோடு சேர்ந்து மறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். பக்கத்திலிருந்து சில நிமிடத்துக்கு ஒரு முறை சேவையகத்தைத் தட்டும் சிறு நிரல் உதவும். ஆனால் விசைப்பலகையில் கை பட்டால் மட்டுமே அது தட்ட வேண்டும். மறைந்திருக்கும் தாவல்களில் டைமர்களை உலாவிகள் மெதுவாக்குகின்றன என்பதாலும், மடிக்கணினி உறங்கும்போது அவை முற்றாக நிற்கும் என்பதாலும், எண்ணிக்கையை நம்பாமல் கடிகார நேரத்தை ஒப்பிட்டே நிரல் முடிவெடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும் எழுதியதை வரைவாகச் சேமித்து வைப்பதே பயனருக்குச் செய்யும் உண்மையான உதவி.

பின்னணிக் கோரிக்கைகளுக்கும் ஒரு சொல்: அமர்வு முடிந்தபின் அவற்றுக்கு 302 கொடுத்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பினால், நிரல் தரவை எதிர்பார்த்து எச்டிஎம்எல்லைப் பெற்றுக் குழம்பும். உள்நுழைவு தேவை என்று சொல்லும் 401 கொடுங்கள்.

அறிகுறி: அமர்வு முடியவே மறுக்கிறது

யாரும் புகார் செய்யாத கோளாறு இது. பாதுகாப்புத் தணிக்கையில்தான் வெளிவரும். அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை, 15 நிமிடத்துக்கு மேல் செயலற்றிருந்தால் மீண்டும் அடையாளம் கேட்க வேண்டும் என்கிறது. 15 என்றே அமைத்திருந்தும் நாள் முழுவதும் அமர்வு திறந்திருக்கிறதென்றால், அறிவிப்புகளை அரை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருக்கும் பின்னணிக் கோரிக்கையைத் தேடுங்கள். ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் அது அமர்வைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அத்தகைய கோரிக்கைகள் கடைசிச் செயல்பாட்டு நேரத்தைத் தொடாதபடி செய்ய வேண்டும். டாம்கேட்டில் 0 அல்லது எதிர்ம எண் கொடுத்திருந்தாலும் அமர்வு முடிவதில்லை. பிஎச்பியில் கடைசிச் செயல்பாட்டு நேரத்தை அமர்வுக்குள் நீங்களே எழுதி, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே உறுதியான முறை. குப்பை நீக்குவதை நம்பிக் காலாவதி செய்ய முடியாது என்பதை மேலே பார்த்தோம்.

திருத்தம் செய்தபின் சோதிப்பது

சோதனைச் சூழலில் அமர்வின் ஆயுளை 2 நிமிடமாகக் குறைத்து, மற்றக் கடிகாரங்களையும் அதே விகிதத்தில் குறையுங்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. டாம்கேட் காலாவதியான அமர்வுகளை ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை நீக்கும் என்பதால், முடிவுற்ற அமர்வுகளின் எண்ணிக்கையை நம்பி அளந்தால் ஒரு நிமிடப் பிசகு வரும். மூன்று சோதனைகளைத் தனித்தனியாகச் செய்யுங்கள்: ஒன்றும் செய்யாமல் காத்திருத்தல், இடைவிடாமல் பக்கம் புரட்டுதல், காத்திருக்கும்போது சேவையகத்தை மறுதொடக்கம் செய்தல். ஒவ்வொன்றிலும் குக்கியின் மதிப்பையும் லாகில் உள்ள ஹேஷையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியேறு பொத்தானை அழுத்தியபின் பழைய குக்கி மதிப்பை, உலாவி இல்லாமல் பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையில் வைத்து ஒரு பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். பக்கம் கிடைத்துவிட்டால், பொத்தான் உலாவியில் மட்டுமே குக்கியை அழித்திருக்கிறது, சேவையகத்தில் அமர்வு இன்னும் திறந்தே இருக்கிறது.